வீட்டில் ஆள் இருக்கு

எங்கள் சபையின் பாட்டை நாங்களே திருடிவிட்டோம் என்று போன ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. தபாலில் இல்லை, கணினியில். சிஸ்டர் ஜோஸ்லின் அதை அச்செடுத்து, பேங்க் வேலை முடிந்த கையோடு உடைகூட மாற்றாமல் நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு ஆராதனையைக் கேமரா வைத்து நேரலையாக அனுப்புவது அவள் பொறுப்பு. நடமாட முடியாமல் வீட்டோடு கிடக்கும் முப்பத்துநான்கு பேருக்கு அதுதான் சபை.

"வெர்னெட்டாக்கா, உக்காந்துக்கிட்டுப் படிங்க," என்றாள்.

நான் நின்றுகொண்டே படித்தேன். ஹார்மன்ஸ் பெண்ட் ஊரின் லிட்டில் ஹெப்ரோன் பாப்டிஸ்ட் சபை, இன்னாருக்குச் சொந்தமான 'வீட்டில் ஆள் இருக்கு' என்னும் பாடலை அனுமதி பெறாமல் மறுபடி பாடி ஒளிபரப்பியிருக்கிறது. எனவே அந்தப் பகுதியின் ஒலி நீக்கப்பட்டது. இது இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் சேனலே மூடப்படும்.

மறுபடி பாடினோமாம்! பாடியது என் அம்மா. தொண்ணூற்று மூன்று வயது மதர் ஓசெல்லா ப்ரூவிட். சபையின் முன்வரிசையில் உட்காரும் மூத்த பெண்களை நாங்கள் மதர் என்போம். அந்தப் பாட்டைக் கட்டியவளே அவள்தான். கடிதம் சொல்லும் 'இன்னார்' இங்கிலாந்துப் பாட்டுக்குழுக்காரர்கள் நாலு பேர். என் அம்மா அதை முதன்முதலில் பாடியபோது அந்த நாலு பேரும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

கதை எப்படிச் சிக்கலானது என்று சொல்கிறேன். 1959-ல் வடக்கே ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் பாட்டு சேகரிக்க எங்கள் மிசிசிப்பிக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்து அம்மாவைப் பாடச் சொன்னார். நான் ஒரு வயசுக் குழந்தை, மடியில் இருந்தேன். அந்த நாடாவில் நான் சிணுங்குவதுகூடக் கேட்கும். பாடி முடித்ததும், "இது யார் செய்த பாட்டு?" என்று கேட்கிறார். அம்மா, "கர்த்தர் குடுத்தது," என்கிறாள்.

எங்கள் கறுப்பர் சபையில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். நான் செய்தேன் என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த ஞாயிறு முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பாட்டு நன்றாக இருந்தால் கர்த்தர் கொடுத்தது. சமையல் நன்றாக இருந்தால்கூட அவர் கொடுத்ததுதான். உப்பு கூடினால்தான் நம்முடையது. இது தெரியாத அந்தப் படித்தவர் தன் தாளில் எழுதிக்கொண்டார்: 'வழிவழியாக வருவது. இயற்றியவர் தெரியவில்லை.' தெரியவில்லையாம்! முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள்தான் அவருக்குத் தெரியவில்லை.

அந்த நாடா இசைத்தட்டாகிக் கப்பலேறிப் போயிற்று. 1968-ல் அந்த நாலு பேர் அதை எடுத்தார்கள். எங்கள் பாட்டில் இருப்பது இவ்வளவுதான்:

உள்ளே விளக்கு எரியுது, நான் பார்க்கிறேன்,
உள்ளே நிழல் நடக்குது, நான் பார்க்கிறேன்,
வீட்டில் ஆள் இருக்கு, எனக்குத் தெரியும்.

நாங்கள் இதைப் பரலோக வாசலில் நிற்கிற ஆத்துமா பாடுவதாகப் பாடுவோம். விளக்கு எரிகிறது, ஆண்டவர் உள்ளே இருக்கிறார், கதவு திறக்கும். அந்த நாலு பேரோ அதை ஒரு பெண்ணின் கதவை முட்டுகிற ஆண்பிள்ளையின் பாட்டாக மாற்றினார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு என்னை ஏனடி வெளியே நிற்க வைக்கிறாய் என்று ஒருவன் கத்த, ஆறு நிமிடம் கிதார் ஊளையிடும். மூன்றாவது சரணத்தில் அவர்களாகச் சேர்த்த வரிகளை நான் இங்கே எழுத மாட்டேன். தட்டின் உறையில், 'பாரம்பரியப் பாடல், இசையமைப்பு' என்று போட்டு நாலு பெயர். அடுத்த பதிப்பில் 'பாரம்பரியப் பாடல்' என்பது காணாமல் போய், நாலு பெயர் மட்டும் நின்றது.

பிறகு தலைமுடி வளர்த்த ராக் பாடகர்கள் அதை இன்னும் சத்தமாகப் பாடினார்கள். ஒரு ஸ்வீடன்காரி அழுதுகொண்டே மெதுவாகப் பாடினாள். பீர் விளம்பரத்தில் வந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களும் விட்டுவைக்கவில்லை. ஒருவர், இது மாலுமிகளின் பழம்பாட்டு என்றார். இன்னொருவர், இல்லை, சிறைக்கைதி ஒருவன் கல் உடைக்கும்போது பாடியது என்றார். அந்த நாலு பேரில் உயிரோடு இருக்கும் ஒரு கிழவர் பேட்டியில் சொல்கிறார்: "யாரும் எழுதிய பாட்டல்ல அது. மிசிசிப்பி மண்ணே பாடியது." என் அம்மா என்ன மண்ணா? சலவைச்சாலையில் முப்பது வருஷம் கை வெந்தவள். போன வாரம்கூடப் பல் செட் கடிக்கிறது என்று என் உயிரை வாங்கியவள்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். பிள்ளைகள் பின்சீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டும்போது, இது எங்கம்மா பாட்டு என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். ஒரு வாரம் சிரித்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் அதை எங்கே வேண்டுமானாலும் பாடட்டும். ஆனால் எங்கள் சபைக்குள் வந்து, அவள் வாயை மூடுவதா?

பாஸ்டர் கில்யார்ட் தயங்கித் தயங்கித்தான் பேசினார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம்.

"வெர்னெட்டாம்மா, ஆகஸ்ட்ல ஆண்டு விழா ஞாயிறு வருது. சிகாகோ, டெட்ராய்ட்னு போனவங்க எல்லாம் வருவாங்க. மதர் எப்பவும் போல அந்தப் பாட்டப் பாடினா சேனல் போயிரும். படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு அப்புறம் என்ன வழி?"

"அதனால?"

"இந்த வருஷம் வேற பாட்டு பாடட்டுமே."

"அடுத்த வருஷம்?"

 அடுத்த வருஷமும் வேறு பாட்டுதான். அதற்கடுத்த வருஷம் அம்மா இருக்க வேண்டுமே.

ஜோஸ்லின்தான் வழி கண்டுபிடித்தாள். மறுப்புப் படிவம் ஒன்று இருந்தது. பாட்டை உருவாக்கியவர் பெயர், உருவாக்கிய தேதி, இடம். கீழே, இது உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்து. ஆதாரம் ஏதாவது இருந்தால் இணைக்க வேண்டும். அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அவள் அடுப்படி மேசையில் தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் அந்தத் தோலின் ஊதா.

"கையத் தொடச்சிட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

கண்ணாடியை மூக்கில் ஏற்றி நிதானமாகப் படித்தாள். "உருவாக்கியவர் யாருன்னு கேட்டிருக்கான்."

"ஆமா. நீதானே?"

"கர்த்தர் குடுத்தது."

"அம்மா, கர்த்தர் வந்து கையெழுத்துப் போட மாட்டாரு!"

"சத்தியம்னு போட்டிருக்குடி. இந்த வயசுல பொய் சத்தியம் பண்ணிட்டு எங்க போயி நிப்பேன்?"

"எது பொய்? வேற யாரு பண்ணா? அந்த வெள்ளக்காரப் பசங்களா பண்ணாங்க?"

"கத்தாத. பயறு சிதறுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தோடு பயற்றைத் தூக்கி எறிந்திருப்பேன். உலகமே ஒரு பொம்பளையின் வாயிலிருந்து ரொட்டியைப் பிடுங்குகிறது, அவளோ எனக்குப் பசியில்லை என்கிறாள். இரண்டு வாரம் கேட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

கடைசியில் நான் கூப்பிட்டுத்தான் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அவருக்கு இடுப்புத்துணி மாற்றியவள். அதனால் மரியாதையும் கொடுப்பாள், உரிமையும் எடுப்பாள்.

"என்ன பாஸ்டர் தம்பி, இவ ஒங்களையும் ஏவி விட்டாளா?"

"கையெழுத்துப் போட வேணாம் மதர்," என்றார் அவர். "ஆண்டு விழா அன்னைக்குப் பாடவும் வேணாம். எந்திரிச்சு நின்னு சாட்சி மட்டும் சொல்லுங்க. கர்த்தர் இந்தப் பாட்ட ஒங்களுக்கு எப்ப குடுத்தாரு, எங்க குடுத்தாரு, நீங்க என்ன நெலமைல இருந்தீங்க. அத நாங்க படம் பிடிச்சு ஆதாரமா அனுப்பிக்கிறோம்."

பயந்த மனிதருக்குள் இவ்வளவு மூளையா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்வது எங்களிடம் பெருமை பேசுவதில் சேராது. அது கடமை. மாட்டேன் என்று எந்த மதரும் சொல்ல முடியாது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "சாட்சின்னா முழுசாச் சொல்லணும்," என்றாள்.

"முழுசாச் சொல்லுங்க."

"அந்தக் கேமரால ஊரெல்லாம் பாக்குமா? வெள்ளக்காரங்க பக்கமும்?"

"யாரு வேணும்னாலும் பாக்கலாம் மதர்."

"அப்ப சரி," என்றாள். அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சம்மதித்தாளே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆண்டு விழா ஞாயிறு. உட்கார இடமில்லை. விசிறி ஆடாத கை இல்லை. அம்மா வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட, நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றாள். எங்கள் ஆர்கன்காரர் பிரதர் ஆல்டன் கட்டைகளின் மேல் விரலை வைத்தார். ஐம்பது வருஷமாக அவர் கை அப்படி. யார் எழுந்து பேசினாலும் அந்தப் பேச்சுக்கு அடியில் மெல்லிசாக ஏதாவது ஓட்டுவார். வெறும் பேச்சைக் கேட்டால் அவருக்கு உடம்புக்கு ஆகாது.

"1957, ஜனவரி பதினேழு," என்று ஆரம்பித்தாள் அம்மா. "வியாழக்கிழம. மழை."

"சொல்லுங்க மதர்!" என்று சபை.

"என் மூத்த புள்ள தியோடிஸ். பதினோரு மாசம். ரெண்டு நாளாக் காய்ச்சல். சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. எம் புருஷன் மரம் வெட்டப் போயிருந்தாரு. நான் புள்ளையப் போர்வைல சுத்திக்கிட்டு டாக்டர் லாங்கினோ வீட்டுக்கு நடந்தேன். நாலு மைல்."

சபையில் சத்தம் குறைந்தது. எனக்கு ஓர் அண்ணன் இருந்து, காய்ச்சலில் இறந்தான் என்பது தெரியும். அதற்கு மேல் எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நம்ம ஆளுங்களுக்குப் பின்வாசல்தான். போயித் தட்டினேன். சன்னல்ல வெளக்கு எரியுது. அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. தட்டுல முள்ளுக்கரண்டி படுற சத்தம் கேக்குது எனக்கு. அவரு நெழல் எந்திரிச்சுச்சு. சன்னல் கிட்ட வந்துச்சு. பாத்துச்சு. திரும்பிப் போயி உக்காந்துச்சு."

விசிறிகள் நின்றுவிட்டன. ஆர்கன் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆல்டன் ஆரம்பத்திலேயே, தன்னை அறியாமல், அந்தப் பாட்டின் ராகத்துக்குப் போயிருந்தார்.

"நான் தட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் புள்ள சூடு கொறைஞ்சுச்சு. நல்லாயிருச்சுன்னு நெனச்சேன். போர்வையத் தொறந்து பாத்தேன்."

நாற்காலியை இறுக்கிப் பிடித்தாள். 

"திரும்பி நடந்து வரும்போது வாயில வந்த பாட்டு அது. பரலோகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளக்கு எரிஞ்சுச்சு. ஆளு இருந்துச்சு. எனக்குத் தெரியும். அவ்வளவுதான் பாட்டு. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பொட்டிக்காரர் வந்தாரு. அவரக் காருல கூட்டிட்டு வந்தது யாரு? டாக்டர் லாங்கினோ. அவரு வீட்டு விருந்தாளி. நான் பாடப் பாட டாக்டர் காருல சாஞ்சு சுருட்டுப் புடிச்சுக்கிட்டே கேட்டாரு. நல்ல ஞானப்பாட்டுன்னு தலைய ஆட்டினாரு. யாரு பண்ணதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? மடியில இந்தப் பொண்ணு இருக்கா."

இந்தப் பொண்ணு என்று என்னைக் காட்டினாள்.

அறுபது வருஷமாக நான் அந்தப் பாட்டைக் கண்ணை மூடி, கையை உயர்த்தி, புன்னகையோடு பாடியிருக்கிறேன். பாடகர் குழுவில் உச்சக்குரல் நான்தான். ஸ்வீடன்காரியைக் கேலி செய்தவள், அந்த நாலு பேரைத் தூற்றியவள். அவர்களுக்கு முன்னாலேயே அவள் பாட்டின் பொருளைத் திருப்பியவர்கள் நாங்கள். லாங்கினோ பெயரில் ஊரில் ஒரு தெரு இருக்கிறது. பேருந்து ஓட்டிய காலமெல்லாம் தினமும் காலையில் அதில்தான் திரும்புவேன். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லோர் மேலும் வந்தது.

அப்போதுதான் பின்வரிசையில் சிஸ்டர் ஜோஸ்லின் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவதைக் கவனித்தேன். தலையை உலுக்கினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று ஏதோ கத்தினாள். எங்கள் சபையில் கையைத் தூக்கி ஆட்டுகிறவளைப் பார்த்தால் என்ன நினைப்போம்? பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்றுதான். வெள்ளைக் கையுறை போட்ட அக்காமார் மூன்று பேர் ஓடிப்போய் அவளை இடுப்பில் கட்டிப் பிடித்து, விசிறி வீசி, "விட்ரும்மா, அழுதுரும்மா," என்று தடவிக் கொடுத்தார்கள். அவள் திமிறினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

ஆராதனை முடிந்து கூடத்தில் கெளுத்தி மீன் வறுவல் பரிமாறும்போதுதான் ஜோஸ்லின் கலைந்த தலையோடு என்னிடம் வந்தாள்.

"ஆர்கன நிறுத்தச் சொல்லித்தான்க்கா கைய ஆட்டினேன். ராகத்த மிஷின் கண்டுபிடிச்சிருச்சு. அம்மா பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே சத்தத்த வெட்டிருச்சு."

"எவ்வளவு வெட்டுச்சு?"

"மழைன்னு சொன்னதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்ல. இங்க நாம வச்சிருக்கிறதும் வெளிய போனதோட பிரதிதான். வாய் மட்டும் அசையுது."

"சேனல்?"

"இன்னும் போகல. மறுப்புக் குடுக்க ஏழு நாள் குடுத்திருக்கான். குடுக்கலன்னா மூடிருவான்."

படுக்கையில் கிடந்த முப்பத்துநான்கு பேரும், லாங்கினோ தெருவில் யாராவது பார்த்திருந்தால் அவர்களும், ஒரு கிழவி வாயசைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அறுபத்தேழு வருஷம் விழுங்கி வைத்திருந்ததை ஒரு தாய் கொட்டுகிறாள். அந்த ராகம் வேறு யாருக்கோ சொந்தம் என்று ஒரு மிஷின் அவள் குரலை அறுத்துவிட்டது. அந்த மேசையையே புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது எனக்கு. பிரதர் ஆல்டன் ஒரு மூலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய யாருக்குமே கேக்கலையா?"

"இல்லம்மா."

"லாங்கினோ பேரு?"

"அதுவும் கேக்கல."

கையைத் துண்டில் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் இருந்தது அழுகை இல்லை. எனக்கு அந்தப் பார்வை தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

"ஆல்டன்!" என்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது. "இங்க வந்து என் பக்கத்துல உக்காரு. கைய மடியில வச்சுக்க. எடுத்தியோ, ஒடச்சிருவேன். ஜோஸ்லின், அந்தக் கேமராவ இங்க கொண்டா. திரும்பச் சொல்றேன். வெர்னெட்டா, அந்தப் பேப்பர் எங்க?"

என் கைப்பையில்தான் இருந்தது, அத்தனை நாளும். எடுத்து மேசையில் விரித்தேன். நான் பேனாவைத் திறந்துகொண்டேன்.

"தேதி எழுது. 1957, ஜனவரி பதினேழு."

எழுதினேன்.

"எடம். டாக்டர் லாங்கினோ வீட்டுப் பின்வாசப்படி."

எழுதினேன். அதற்கு மேலே இருந்த கட்டம் இன்னும் காலியாக இருந்தது. உருவாக்கியவர் பெயர்.  "கர்த்தர்னு போடவாம்மா?" என்றேன்.

பாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். முன்வரிசை மதர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

"அவரு அன்னைக்கு அங்க வரல," என்றாள். "என் பேர எழுது."